பால்வாடி, ப்ளே ஸ்கூல், எல்.கே.ஜி.: தரத்துக்கு மார்க் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இடங்களுக்குப் போய், ஒரு மூலையில் உட்கார்ந்து, அளவுகோல் தாளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது என் வேலை. அங்கன்வாடி, தொண்டு நிறுவனம் நடத்தும் பால்வாடி, தனியார் ப்ளே ஸ்கூல் என எல்லாவற்றுக்கும் போவேன். வாசலில் பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள், உள்ளே டீச்சர், கிளம்பும்போது நிர்வாகி. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஏசி இருக்கு, சிசிடிவி இருக்கு, சுவர் பூரா பொம்மை வரைஞ்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன தரம் வேணும்?"

கட்டடம் முக்கியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒழுகாத கூரை, குடிக்கத் தண்ணீர், பிள்ளையே போய்வரக்கூடிய கழிப்பறை, சுற்றுச்சுவர் இதெல்லாம் இல்லாத இடத்தில் மற்றதைப் பேசிப் பயனில்லை. 2013-இல் வந்த தேசிய மழலையர் பராமரிப்பு, கல்விக் கொள்கையும் 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை, 30 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது.

ஆனால் இவ்வளவும் தரத்தின் வாசற்படிதான். உள்ளே ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், அந்தப் பிள்ளை திரும்பப் பேச இடம் இருக்கிறதா, கையால் தொட்டுச் செய்ய ஏதாவது இருக்கிறதா என்பதில்தான் மிச்சமெல்லாம். சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் முகம் ஏழடி உயரத்தில் இருந்தது ஒரு பள்ளியில். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்தது நாலு கால் மட்டும். அந்தப் படம் கட்டணம் கட்ட வருகிறவர்களுக்காக வரைந்தது.

"மார்க் போடறீங்கன்னா, பிள்ளைங்களுக்குப் பரீட்சை வைப்பீங்களா?"

இல்லை. மார்க் இடத்துக்கு, பிள்ளைக்கு அல்ல. உலகத்தில் அதிகம் புழங்கும் அளவுகோல் 'ஈசர்ஸ்'. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபர்ட் இருவரும் உருவாக்கி 1980-இல் வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பில் 35 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்: 1 என்றால் போதாது, 3 என்றால் ஏதோ தேவலை, 5 நன்று, 7 மிக நன்று. பார்க்கிறவர் சுமார் மூன்று மணி நேரம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிள்ளைகளைக் கேள்வி கேட்கக் கூடாது.

என்ன பார்ப்போம் என்றால், இடமும் சாமான்களும், சாப்பாடு, கைகழுவல், கழிப்பறை போன்ற அன்றாடப் பராமரிப்பு, பேச்சும் மொழியும், பிள்ளைகள் செய்யும் வேலைகள், பெரியவர்களும் பிள்ளைகளும் பழகும் விதம், அன்றைய நாள் எப்படி நகர்கிறது என்பது. கைகழுவல் ஒரு உதாரணம். வாளி இருக்கும், மக் இருக்கும், சோப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். கேட்டால் "பிள்ளைங்க கரைச்சிடுவாங்க சார்" என்பார்கள். சோப்பு வாங்கிய பில் பதிவேட்டில் இருக்கும். ஆனால் பிள்ளையின் கைக்கு அது போய்ச் சேராதவரை மதிப்பெண் ஏறாது.

"அமெரிக்கக்காரன் அளவுகோல் நம்ம ஊருக்கு எப்படிங்க ஒத்துவரும்?"

நியாயமான கேள்வி. இதைப் பல வருஷம் முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஈசர்ஸை எடுத்து நம் பால்வாடிகளுக்கு ஏற்ப மாற்றி 'டெசர்ஸ்' என்ற தமிழ்நாட்டு அளவுகோலை உருவாக்கியது. அந்தப் பணிக்குப் பின்னால் மீனா சுவாமிநாதன் இருந்தார். 1972-இல் மத்திய அரசுக்கு மழலையர் வளர்ச்சி பற்றி அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் இந்திய வகுப்பறைகளுக்கென்று தனியாக ஒரு அளவுகோல் செய்திருக்கிறது.

மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டுத் தாளில் மேசை நாற்காலி பிள்ளைகள் உயரத்துக்கு இருக்கிறதா என்று கேட்கும். நம் பிள்ளைகள் பாயில் உட்காருகிறார்கள். பாய் என்றாலே குறை என்று மதிப்பெண்ணை வெட்டினால் அது அளவுகோலின் தப்பு. பாய் கிழியாமல், சுத்தமாக, எல்லோருக்கும் போதுமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

"அங்கன்வாடியில சோறு போடுவாங்க, தூங்க வைப்பாங்க. அதுக்குப் போய் கல்வின்னு மார்க்கா?"

இந்த எண்ணம் எப்படி வந்தது என்று தெரியும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே அதற்கு ஆறு வேலைகள் கொடுக்கப்பட்டன: சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், சத்துணவும் சுகாதாரமும் பற்றித் தாய்மாருக்குப் போதனை, அப்புறம் முன்பருவக் கல்வி. சோறு கண்ணுக்குத் தெரியும், எடை தராசில் தெரியும். கல்வி மட்டும் எந்தப் பதிவேட்டிலும் சரியாகத் தெரியாது. அதனாலேயே அது கடைசிக்குப் போய்விட்டது.

பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு மையங்களுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று, தலைப்பு வாரியாகப் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் உண்டு. 2023-இல் மத்திய அரசு அங்கன்வாடிகளில் தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்று தனித் திட்டமே தொடங்கியது. சோறு ஊட்டும் நேரமும் கல்வி நேரம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு முட்டையா, பயறா? யாருக்கு வரலை? எத்தனை தட்டு மிச்சம்?" என்று கேட்டுக்கொண்டே பரிமாறும் உதவியாளரைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எட்டாம் வகுப்பு. என் தாளில் அன்று அதிக மதிப்பெண் அவருடைய அந்த இருபது நிமிடத்துக்குத்தான்.

"நாலு வயசாச்சு, இன்னும் அ ஆ எழுதலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி ஃபுல்லா எழுதுது. இது என்ன ஸ்கூல்?"

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. சொல்லப்போனால், நல்ல பள்ளிகளைக் கெட்ட பள்ளிகளாக மாற்றுவதும் இந்தக் கேள்விதான். நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைத்து அனுப்பினால் பெற்றோர் திருப்தி, நிர்வாகி திருப்தி. மூன்றரை வயது விரலுக்கு மட்டும் வலி. பென்சில் பிடிக்கும் முன் மாவு பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், காகிதம் கிழிக்க வேண்டும், மணலில் விரலால் கோடு இழுக்க வேண்டும். எழுத்து அதற்கப்புறம் தானாக வரும்.

படிப்பு எங்கே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சம்பவம் இது. ஒரு பால்வாடியில் இரண்டு பையன்கள் புளியங்கொட்டை பங்கு போட்டார்கள். ஒருவனுக்கு நாலு, இன்னொருவனுக்கு மூன்று. சண்டை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்னா என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார். நாலு வைத்திருந்தவன் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு கொட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். "இப்ப சமம்." அவனுக்கு 3 என்று எழுதத் தெரியாது. (மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். அளவுகோலிலேயே அதற்கு மதிப்பெண் குறையும்.)

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அசாம், ராஜஸ்தான், தெலங்கானாவில் சுமார் 14,000 பிள்ளைகளை நாலு வயதிலிருந்து எட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்புக்குத் தயாராக இல்லை என்று அதில் தெரிந்தது. அங்கன்வாடியோ தனியாரோ, இரண்டுமே இந்த வயதுக்கு ஏற்ற கல்வியைத் தரவில்லை. தனியாரில் எழுத்தும் எண்ணும் மனப்பாடமாக ஓடின, விளையாட்டுக்கு இடமே இல்லை.

"மாண்டிசோரின்னு போர்டு இருக்கு. அப்ப நல்ல ஸ்கூல்தானே?"

போர்டு எழுத பெயின்டர் போதும். மாண்டிசோரி என்பது யாருக்கும் சொந்தமான வணிகப் பெயர் அல்ல. மரியா மாண்டிசோரியே 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்தான். அதனால் நம் ஊரில் உண்மையாகவே அந்த முறையில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பெயரில் நாலு கோடு நோட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போய்ப் பாருங்கள். சாமான்கள் பிள்ளை கைக்கு எட்டும் தட்டில் இருக்கின்றனவா, பிள்ளை தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கிறதா, டீச்சர் எந்தப் பயிற்சி முடித்திருக்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

"ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளை இருக்கலாம்?"

முதல் கேள்வியில் சொன்ன 2013 கொள்கைப்படி 3 முதல் 6 வயதுக்கு 20 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 பிள்ளைகளுக்கு ஒருவர். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்குச் சொன்ன வழிகாட்டுதலிலும் 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், கூடவே ஒரு பராமரிப்பாளர். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை நம்பாதீர்கள். காலை பத்தரை மணிக்கு, ஆயாம்மா கழிப்பறைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போயிருக்கும்போது, அறையில் எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள்.

"வீட்டுல தமிழ்தான். ஸ்கூல்ல இங்கிலீஷ் மட்டும் பேசினாத்தானே பிள்ளைக்கு வரும்?"

வாய் திறக்காத பிள்ளைக்கு எந்த மொழியும் வராது. வீட்டு மொழியில் கேள்வி கேட்கவும், கதை சொல்லவும், சண்டை போடவும் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி ஏறும். மேலே சொன்ன கொள்கையும் தாய்மொழியில்தான் நடத்தச் சொல்கிறது. 'தமிழில் பேசினால் அபராதம்' என்று எழுதிய ஒரு அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் பேசிய மொத்த ஆங்கிலம் "எஸ் மிஸ்", "நோ மிஸ்", "மே ஐ கோ டு டாய்லெட்". மொழிப் பகுதியில் 2-க்கு மேல் போட முடியவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதே பெற்றோரின் அந்த ஆசையைப் பார்த்துத்தான். பாட்டாக, விளையாட்டாகக் கலந்து வரட்டும். தமிழைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாத்தையும் ஜோரா வெச்சுட்டா?"

வைப்பார்கள். பீரோவில் பூட்டியிருந்த பொம்மைகள் பாலிதீன் உறையோடு வெளியே வரும். காட்டிக்கொடுப்பது பிள்ளைகள்தான். தினமும் கட்டை வைத்து விளையாடும் பிள்ளை நேராகப் போய் எடுக்கும், நேற்று விட்ட இடத்திலிருந்து கட்டும். முதன்முறை பார்க்கும் பிள்ளை, "மிஸ், தொடலாமா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும்.

டீச்சரின் குரலும் அப்படித்தான். ஒரு மணி நேரம் தேனாக இருக்கும். இரண்டாவது மணியில் எவனாவது தண்ணீரைக் கொட்டுவான். அப்போது வருவதுதான் வழக்கமான குரல். மூன்று மணி நேரம் உட்காரச் சொன்னவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

"மார்க் குறைஞ்சா எங்க வேலைக்கு ஆபத்து வருமா சார்?" (அங்கன்வாடிப் பணியாளர்கள் கேட்பது, குரலைத் தாழ்த்தி)

வரக்கூடாது. வரும் என்று பயம் இருக்கும் இடத்தில் அளவுகோலே பொய்யாகிவிடும், எல்லாரும் உறை பிரிக்காத பொம்மையைத்தான் காட்டுவார்கள். மதிப்பெண் தாளை மேலிடத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் பணியாளரிடம் காட்டாமல் போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மையத்துக்கு இரண்டாம் வருஷம் போனபோது, "போன தடவை என்ன சார் எழுதினீங்க? ஒரு வருஷமா யோசிச்சுட்டிருக்கேன்" என்று கேட்டார் அந்தப் பணியாளர். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து தாளைச் சேர்ந்து பார்ப்போம். குறைந்த அம்சங்களில் இரண்டை மட்டும் அவரே தேர்ந்தெடுப்பார். நான் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பப் போவேன். 35 அம்சத்தையும் ஒரே நேரத்தில் சரி செய்யச் சொன்னால் ஒன்றுகூட நடக்காது.

"நான் ஒரே ஆள். எடை எடுக்கணும், வீடு வீடாப் போகணும், செல்போன்ல ஏத்தணும். எப்ப சார் பாடம்?"

இதற்கு மழுப்பல் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஆளால் முடியாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டில். கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று ஒரு அரைநாள் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த மையங்களில் பாட நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருஷத்தில் பிள்ளைகளின் மொழியும் கணக்கும் நன்றாக முன்னேறின. பழைய பணியாளருக்கும் நேரம் கிடைத்ததால் சத்துணவு வேலையும் மேம்பட்டு, ஊட்டக்குறைவும் குறைந்தது.

ஆக, சில மதிப்பெண்கள் டீச்சருடையவை அல்ல, அரசு நியமிக்காத ஆளுடையவை. தாளில் அதையும் எழுதி வைப்பேன். "பணியாளர் ஊக்கமில்லாமல் இருக்கிறார்" என்று எழுதுவது சுலபம், பல அறிக்கைகளில் அப்படித்தான் இருக்கிறது.

"ஆள் வரும்போது வரட்டும். கைக்காசு போடாம இப்ப என்ன மாத்தலாம்?"

நிறைய. படங்களைக் கழற்றிப் பிள்ளைகள் கண்மட்டத்துக்கு இறக்குங்கள், அரை மணி நேர வேலை. சோப்பைக் கீழே வையுங்கள். கரைக்கத்தான் கரைப்பார்கள், பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடலாம். பீரோவைத் திறந்துவிடுங்கள், பொம்மை உடைந்தால் கணக்குக் கேட்கக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளைகள் பொம்மையைத் தொடாததற்குப் பாதிக் காரணம் இருப்புப் பதிவேடு.

காசே இல்லாமல் மாறுவது பேச்சுதான். "இது என்ன கலர்?" என்று கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும், முப்பது பிள்ளையும் சேர்ந்து கத்தும். "இது எப்படி உடைஞ்சிருக்கும்?" என்று கேட்டால் ஒரு கதை வரும். கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாம் இரண்டுகூட எண்ணுவதில்லை, அதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். நாளுக்கு இரண்டு முறை இப்படிச் செய்தாலே மொழிப் பகுதி 3-லிருந்து 4-க்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

"வெளிநாட்டுல வாசல்லயே ரேட்டிங் மாட்டியிருப்பாங்களாமே. இங்க ஏன் இல்லை?"

ஆஸ்திரேலியாவில் 2012 முதல் ஏழு பகுதிகளில் மதிப்பிட்டு, அந்த நிலையைப் பெற்றோர் பார்க்கும்படி மாட்டவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சிங்கப்பூரில் 2011-லிருந்து 'ஸ்பார்க்' என்ற தரச்சான்று உண்டு. நம்மிடம் நாடு முழுக்க அப்படி ஒன்று இல்லை. அனுமதியும் தீயணைப்புச் சான்றும் கேட்பார்கள், வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர் குறைவு.

வந்தால் நல்லதா என்றால், பாதி நல்லது. மாட்டிவைத்த எண் பெற்றோருக்குப் பயன்படும். ஆனால் உதவியில்லாமல் எண் மட்டும் மாட்டினால், காசுள்ள பள்ளி ஏறிப்போகும், கிராமத்துப் பால்வாடி 3 என்ற பலகையோடு நிற்கும், பிள்ளைகள் ஒவ்வொருவராக வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அரை மணி நேரம் சேர்ந்து உட்காரவும், ஒன்றரை மாதத்தில் திரும்பி வரவும் ஆள் இருந்தால் பலகை மாட்டலாம்.

"நீங்க 6 போட்ட இடத்துல என் பொண்ணு தினமும் அழுதா. 3 போட்ட பால்வாடிக்கு ஓடிப்போறா. எதை நம்பறது?"

ஒரு அம்மா இதைக் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. அளவுகோல் சொல்வது அறையின் சராசரி. உங்கள் பெண் சராசரி அல்ல. புது இடம் என்றால் இரண்டு மூன்று வாரம் அழுவது சாதாரணம், அதை வைத்துப் பள்ளியை எடைபோட வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கவில்லையென்றால், அவள் அழும்போது யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பால்வாடிக்கு நான் 3 போட்டதற்குக் காரணம் கழிப்பறைக் கதவும், புத்தகமே இல்லாததும். பழகும் விதம் என்ற பகுதியில் 6 போட்டிருந்தேன், மொத்தத்தில் அது அமுங்கிப்போனது. தாளை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். "அப்ப அங்கயே போகட்டும்" என்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஊராட்சியில் மனு கொடுக்கச் சொன்னேன். மனுவை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார், அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன்.